பெருக்கல் குறி

படிவத்தில் ஒரு கட்டம்தான் பாக்கி.
பால் கறப்பதை விட்டுவிட
நூறு ராத்தலுக்கு எத்தனை டாலர் கேட்கிறீர்கள்?
ஆர்லன் பென்சிலால் எழுதினான், அழித்தான், எழுதினான்.
தாள் அந்த இடத்தில் பஞ்சாகிவிட்டது.
இருபத்து மூன்று என்றான்.
தள்ளிவிடுவார்கள் என்றேன்.
பதினாறு என்றான்.
வங்கிக்கே பற்றாது என்றேன்.
மற்ற ஏலங்களில் ஏற்றிக் கேட்பார்கள்.
இது இறக்கிக் கேட்கிற ஏலம்,
தன்னை யார் மலிவாய் விடுகிறாரோ அவருக்கு முதலிடம்.

விலை விழாமல் வாஷிங்டன் தாங்கிப் பிடித்த வருஷங்கள் உண்டு.
விற்காத வெண்ணெயை, விற்காத சீஸை
அதுவே வாங்கிக்கொண்டது.
மிசூரியில் சுண்ணாம்புக் குகைகளுக்குள்
பாறையோடு பாறையாக அடுக்கிவைத்தது.
விழாத விலையை நம்பிப்
பன்னிரண்டு மாடு கூட்டினோம்.
கடன் வாங்கி நீலத்தில் ஒரு சைலோ எழுப்பினோம்.
வைரோக்வா சாலையில் எல்லோரும் எழுப்பினார்கள்,
ஒருவருடையதைவிட ஒருவருடையது ஓர் அடி உயரமாக.
பிறகு கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள்:
பால் அதிகம்.

பால் பொங்கி வழிந்தால் துடைக்கத் தெரியும்.
அதிகம் என்றால் என்ன செய்வதென்று
எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பண்ணை லாவெர்ன் கேட்டான்:
நீங்கள் போடுகிறீர்களா?
சேச்சே, இல்லை. நீங்கள்?
நாங்களா, இல்லவே இல்லை.
மறுநாள் தபால் நிலையத்தில்
அவன் கையிலும் பழுப்பு உறை, என் கையிலும் பழுப்பு உறை.
பனியைப் பற்றி நிறையப் பேசினோம்.

எங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள்.
லாவெர்ன் நாற்பது காசு கூடக் கேட்டிருந்தான்.

விதி இது: வலது தாடையில் சூட்டுக்கோலால் குறி.
வேறு எவரும் வாங்கிக் கறந்துவிடக் கூடாதாம்.
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த இரண்டு கோடு,
பள்ளிக்கூடத்தில் பெருக்கல் குறி என்று படித்தது.
கழிப்பதற்கு அதை ஏன் எடுத்தார்கள்?

சரிபார்க்க வந்த பையன், பெயர் ட்வைட்,
ஏழாவது மாட்டுக்கு மேல் நிமிர்ந்து பார்க்கவில்லை.
காதில் இருந்த எண்ணை நான் சொல்லச் சொல்ல
குனிந்தே எழுதிக்கொண்டான்.
ரோமம் கருகிய வாடை
திரைச்சீலையில் ஜூன் வரை இருந்தது.
ரோச்செஸ்டரில் ஒரு நீதிபதி
சூடு வேண்டாம், கொடுமை என்றாராம்.
செய்தி வந்து சேர்ந்தபோது
எங்கள் மாடுகளுக்குப் பொருக்குத் தட்டியிருந்தது.

டாக்ரோஸ், சூடு பட்ட கையோடு,
யாரும் ஓட்டாமலே தன் இடத்துக்குப் போய் நின்றாள்.
மணி ஐந்தாகியிருந்தது.
மடி கனத்திருந்தது.
கறந்தோம்.
அந்தப் பாலுக்கும் முழு விலை வந்தது.

லாரிகள் வந்து போன பிறகு தொழுவத்தைப் பெருக்கினேன்.
அழுக்கில்லாத தரையை இரண்டு தரம்.
ஆர்லன் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான்.
அதிகாலை நாலரைக்கு விழித்து
செய்ய வேலையில்லாமல்
சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.
ஐந்து வருஷம் அந்தக் கொட்டகையில்
ஒரு சொட்டு கறக்கக் கூடாது.
பூனைகள்கூட லாவெர்ன் வீட்டுக்குப் போய்விட்டன.

நவம்பரில் லூத்தரன் கோயிலின் அடித்தளத்தில்
அரசாங்கச் சீஸ் கொடுத்தார்கள்.
பெயர்ப் பட்டியலில் குறி போடுகிற வேலை எனக்கு.
ஐந்து ராத்தல் கட்டி, பழுப்பு அட்டைப் பெட்டி.
ஐந்து ராத்தல் சீஸுக்கு ஐம்பது ராத்தல் பால்,
டாக்ரோஸின் ஒரு நாள்.
என்னால் கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை.

வரிசையில் பதினோராவதாக
லாவெர்னின் மனைவி வெர்னெல் நின்றாள்,
ரப்பர் காலணியில் சாணம் காயாமல்.
அவள் பெயருக்கு நேரே குறியைப் போட்டேன்.
மாடுகள் எப்படி என்றேன்.
நல்லாத்தான் கறக்கின்றன,
இந்த மாதம் போன மாதத்தைவிட அதிகம் என்றாள்,
ஏதோ தப்புச் செய்ததை ஒப்புக்கொள்கிற குரலில்.
பெட்டி கனமா என்று கேட்டேன்.
இல்லை என்றாள்.
இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.